சமையலறையைத் திறந்து வைத்தவர்: எம்.டி.ஆர். உணவகத்தை வளர்த்த யக்ஞநாராயண மையாவின் வாழ்க்கை

பெங்களூரு லால்பாக் பூங்காவுக்கு அருகே அமைந்துள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ் உணவகம், 1924-ஆம் ஆண்டில் காபியும் இட்லியும் விற்கும் சிறு கடையாகத் தொடங்கப்பட்டது. எம்.டி.ஆர். என்னும் மூன்றெழுத்துச் சுருக்கத்தில் உலகின் பல நாடுகளில் இன்று அறியப்படும் அந்தப் பெயரின் பின்னால், சமையற்காரராக வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவரின் நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அவர் பரம்பள்ளி யக்ஞநாராயண மையா. பெங்களூரு மக்கள் அவரை யக்ஞப்பா என்று அழைத்தனர்.

வீட்டுச் சமையலின் சுவையையும் தூய்மையையும் விற்பனைக்குக் கொண்டுவந்த உணவகங்கள் நாட்டில் ஏராளம். கூட்டம் பெருகியபின் அந்தச் சுவையைக் காப்பாற்றிக்கொண்டவை மிகச் சில. பெயர் மாறியது, இடம் மாறியது, நகரமே பலமடங்கு பெருத்தது. இத்தனைக்கும் நடுவே எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று யக்ஞநாராயண மையா வகுத்துக்கொண்ட எல்லைதான் அவருடைய வாழ்க்கையை இன்றும் நினைவுகூரத்தக்கதாக ஆக்குகிறது.

பரம்பள்ளியிலிருந்து பெங்களூருக்கு

இன்றைய கர்நாடகத்தின் உடுப்பி மாவட்டத்தில், சாலிகிராமம், கோட்டா ஆகிய ஊர்களை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் பரம்பள்ளி. அக்காலத்தில் இப்பகுதி சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது. பெங்களூரோ மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கோயில்களும் மடங்களும் நிறைந்த அந்தக் கடற்கரைப் பகுதியில், பெருந்திரளான மக்களுக்குச் சமைத்துப் பரிமாறும் கலை தலைமுறை தலைமுறையாக வளர்ந்திருந்தது. நிலம் குறைவு, குடும்பங்கள் பெரிது. பிழைப்புத் தேடி வெளியூர் சென்ற இளைஞர்களுக்குக் கைவசம் இருந்த முதலீடு பெரும்பாலும் சமையல் ஒன்றே.

பரமேஸ்வர மையா, கணப்பய்யா மையா, யக்ஞநாராயண மையா ஆகிய மூன்று சகோதரர்களும் அவ்வாறுதான் 1920-ஆம் ஆண்டு வாக்கில் பெங்களூரு வந்து சேர்ந்தனர். நகரின் முக்கியப் பிரமுகர்களின் இல்லங்களில் சமையற்காரர்களாக வேலை பார்த்தனர். மூவரில் இளையவர் யக்ஞநாராயணர்.

நான்கு ஆண்டுகள் கழித்து, தாம் வேலை பார்த்த வீட்டாரின் ஊக்கத்தாலும் உதவியாலும் பரமேஸ்வர மையா லால்பாக் கோட்டைச் சாலையில் ஒரு சிறு உணவகத்தைத் திறந்தார். கணப்பய்யா உடன் நின்றார். அதற்குச் சூட்டப்பட்ட பெயர் பிராமின் காபி கிளப். அந்நாளில் தென்னிந்திய நகரங்களில் காபி கிளப் என்பது சிற்றுண்டிக் கடையைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே வழங்கிவந்தது. கடை நிலைபெற்று வந்த வேளையில், 1929-இல் பரமேஸ்வர மையா காலமானார். அதன்பின் இளையவரான யக்ஞநாராயணர் தொழிலுக்குள் வந்தார். காலப்போக்கில் அதன் முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது.

வீட்டுச் சமையலும் விற்பனைச் சமையலும்

ஒரு வீட்டுக்குச் சமைப்பவருக்குச் சில வசதிகள் உண்டு. உண்பவர் யார், அவருக்கு உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். சமைத்த சூட்டில் பரிமாறலாம். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்க வேண்டிய தேவை இல்லை. நெய்யின் மணத்தையும் காபித்தூளின் தரத்தையும் வீட்டு எசமானர் அன்றன்றே உணர்ந்துவிடுவார். தவறு நேர்ந்தால் அந்த இடத்திலேயே அது தெரிந்துவிடும்.

உணவகத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. உண்பவர் முகம் தெரியாதவர். சமைப்பவரும் உண்பவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. நெய்யில் கலப்படம் செய்தாலும், பழைய மாவைப் புதிய மாவோடு கலந்தாலும் உடனே கேட்பதற்கு ஆள் இல்லை. கடை வளர வளர இந்த இடைவெளியும் வளர்கிறது. வீட்டுச் சமையல் என்ற பெயரில் தொடங்கிய கடைகள் பல, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பொருளை இழந்துவிடுவதற்குக் காரணம் இந்த இடைவெளியே. பிறர் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து வந்த மையா சகோதரர்கள் இதை அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது.

யக்ஞநாராயண மையா கண்டிப்புக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்றவர். உணவின் தரத்திலும் தூய்மையிலும் விட்டுக்கொடுக்காதவர் என்றே அவரைப் பற்றிய நினைவுகள் அனைத்தும் சொல்கின்றன. பிற்காலத்தில் எம்.டி.ஆர். உணவகத்தின் அடையாளமாக ஆகிவிட்ட பலவும், வெள்ளிக் குவளையில் காபி தரும் வழக்கம் உட்பட, வீட்டுக்கு வந்த விருந்தினரை உபசரிக்கும் முறையையே நினைவூட்டுபவை.

அரிசி கிடைக்காத காலம்

இரண்டாம் உலகப் போர் தென்னிந்திய உணவகங்களுக்குப் பெருஞ்சோதனையாக வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியப் படைகளின் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அரிசிக்குப் பங்கீட்டு முறையும் கட்டுப்பாடுகளும் வந்தன. இட்லியையும் தோசையையும் நம்பி நடந்த கடைகளுக்கு மூலப்பொருளே கேள்விக்குறியாயிற்று.

அந்த நெருக்கடியில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்ததாகவும், அதுவே இன்று நாடெங்கும் வழங்கும் ரவா இட்லியின் தொடக்கம் என்றும் எம்.டி.ஆர். உரிமை கொண்டாடுகிறது. ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, பச்சை மிளகாய், முந்திரி தாளித்து, தயிரில் கலந்து ஆவியில் வேகவைப்பது இதன் முறை. அரிசி இட்லிக்குத் தேவைப்படும் ஊறவைத்தலும், ஆட்டுக்கல்லில் ஆட்டுதலும், இரவு முழுவதும் மாவைப் புளிக்கவைத்தலும் இதற்குத் தேவையில்லை. உருளைக்கிழங்கு சாகுவும் பச்சைச் சட்னியும் நெய்யும் துணையாக வரும்.

பஞ்ச காலத்தில் ஓர் உணவகத்துக்கு எளிதான வழி, இட்லியின் அளவைக் குறைப்பது அல்லது மட்டமான அரிசிக்கு மாறுவது. மாவள்ளியில் தேர்ந்தெடுக்கப்பட்ட வழி வேறு. பொருள் இல்லாதபோது பண்டத்தையே மாற்றினார்கள், தரத்தை மாற்றவில்லை. போர் முடிந்து அரிசி மீண்டும் தாராளமாகக் கிடைத்த பின்னரும் ரவா இட்லி நிலைத்துவிட்டது. தற்காலிக மாற்றாக வந்த பண்டம், தன் சுவையாலேயே தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தென்னிந்தியச் சமையலில் அரிது.

1951: ஐரோப்பியப் பயணம்

போருக்குப் பிந்தைய பெங்களூரு வேகமாக வளர்ந்தது. 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், விடுதலைக்குப் பின் அடுத்தடுத்து மத்திய அரசின் பெருந்தொழிற்சாலைகளும் வந்தன. 1941-க்கும் 1951-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. வெளியூர்களிலிருந்து வந்து தங்கிய தொழிலாளரும் அலுவலரும் உணவகங்களை நாடினர். வணிக நோக்கில் பார்த்தால் கிளைகளைத் திறக்க அதைவிட நல்ல தருணம் இல்லை.

யக்ஞநாராயண மையா 1951-இல் வேறொரு முடிவை எடுத்தார். ஐரோப்பிய நாடுகளில் உணவகங்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்று நேரில் காணப் புறப்பட்டார். பரம்பள்ளியில் பிறந்து, பிறர் வீடுகளில் சமைத்துப் பிழைத்த ஒரு சைவ உணவக உரிமையாளர், சிற்றுண்டிக் கடையை நடத்தும் முறையைக் கற்பதற்காகக் கடல் கடந்து போவது அந்நாளில் எண்ணிப் பார்க்கவும் அரிதான செயல்.

அங்கிருந்து அவர் கொண்டுவந்தது மேலைநாட்டுப் பண்டங்களின் பட்டியலை அல்ல. அங்குள்ள உணவகங்களின் தூய்மையும் ஒழுங்கும் அவரைக் கவர்ந்தன. ஊர் திரும்பியதும் தட்டுகள், குவளைகள், கரண்டிகள் ஆகியவற்றைக் கிருமிநீக்கம் செய்யும் முறையைத் தம் உணவகத்தில் புகுத்தினார். உடல்நலம், தூய்மை குறித்த சிறு நூல்களை வாடிக்கையாளர்களுக்கு வழங்கினார்.

அவர் கொண்டுவந்த புதிய இனிப்பு ஒன்றைப் பற்றி பெங்களூருவில் சுவையான ஒரு கதை வழங்குகிறது. ஃபிரெஞ்சு இனிப்பு என்ற பெயரில் வைத்தபோது அதை யாரும் சீந்தவில்லையாம். அப்போது நகரில் ஓடிக்கொண்டிருந்த திரைப்படம் ஒன்றின் பெயரைப் பார்த்து, அதற்குச் சந்திரஹாரம் என்று பெயர் மாற்றினாராம். அதன்பின் விற்பனை சூடுபிடித்ததாகச் சொல்வார்கள்.

விருந்தினர் நுழைந்த சமையலறை

யக்ஞநாராயண மையாவின் பெயரோடு நீங்காமல் இணைந்துவிட்ட ஏற்பாடு ஒன்று உண்டு. உணவகத்துக்கு வருவோர் சமையலறையின் வழியாகச் சென்றே உணவுக்கூடத்தை அடைய வேண்டும் என்பது அது. அடுப்பு எப்படி இருக்கிறது, பாத்திரங்கள் எப்படிக் கழுவப்படுகின்றன, சமைப்பவரின் உடை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு போகலாம். உணவில் நம்பிக்கை இருந்தால் உட்காரலாம், இல்லையென்றால் திரும்பிவிடலாம்.

இந்த ஏற்பாட்டின் முக்கியத்துவத்தை உணர, அதற்கு முன்பிருந்த நிலையை அறிவது அவசியம். வைதிகக் குடும்பங்களில் சமையலறை என்பது வீட்டின் மிக மூடப்பட்ட பகுதி. குளித்து, மடி உடுத்தியவரே உள்ளே நுழையலாம். அயலார் நுழைவது இருக்கட்டும், எட்டிப் பார்ப்பதும் தீட்டாகக் கருதப்பட்டது. அந்தத் தூய்மை சடங்கைச் சார்ந்தது, பிறப்பைச் சார்ந்தது. பிராமணர் சமைத்த உணவு என்ற அறிவிப்பே அக்காலத்தில் தூய்மைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெயர்ப்பலகையில் அந்தச் சொல் இடம்பெற்றதற்கும் காரணம் அதுவே.

சமையலறைக்குள் முன்பின் அறியாதவர்களை அனுமதித்த ஏற்பாடு, அந்த ஒழுங்கையே தலைகீழாக்கியது. தூய்மைக்குச் சான்று சமைப்பவரின் குலத்தில் இல்லை, கழுவிய பாத்திரத்தில் இருக்கிறது என்று ஆயிற்று. அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை, காசு கொடுத்து உண்ண வரும் யாருக்கும் கிடைத்தது. சமைப்பவருக்கும் உண்பவருக்கும் நடுவே கடை வளர்ச்சியால் ஏற்படும் இடைவெளியை அடைக்க அவர் கண்டுபிடித்த வழியும் இதுவே. வீட்டில் எசமானர் செய்யும் கண்காணிப்பை உணவகத்தில் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தார்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. முதலாளி கடையில் இல்லாத நேரத்திலும் சமையலறை சுத்தமாக இருந்தே தீர வேண்டும். ஆயிரம் கண்கள் கடந்துபோகும் இடத்தில் அழுக்கை மறைக்க மூலை கிடையாது. பணியாளருக்குத் தனியே அறிவுரை சொல்ல வேண்டிய தேவையை அந்த நடைபாதையே குறைத்துவிட்டது.

பெயரிலிருந்து நீங்கிய சொல்

பிராமின் காபி கிளப் என்ற பெயர் பின்னர் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று மாறியது. 1960-இல் உணவகம் லால்பாக் சாலையில் இப்போதுள்ள கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய பெயர் சமைப்பவர் யார் என்பதைச் சொன்னது. புதிய பெயர் கடை எங்கே இருக்கிறது, என்ன கிடைக்கும் என்பதை மட்டுமே சொன்னது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை தென்னிந்திய உணவகங்கள் பலவற்றில் சாதிவாரியாகத் தனி இடங்கள் இருந்தன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, சாதி, மதம், பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் கடைகளிலும் பொது உணவகங்களிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்று விதித்தது. சட்டம் வாசலைத் திறந்தது. எனினும், வழக்கம் மாறச் சில பத்தாண்டுகள் தேவைப்பட்டன. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாசலைத் திறந்த கடைகளுக்கு நடுவே, சமையலறையையும் திறந்து வைத்த கடை என்ற பெருமை மாவள்ளிக்கு வாய்த்தது.

வளர்ச்சிக்கு ஓர் எல்லை

உடுப்பி வட்டாரத்திலிருந்து புறப்பட்ட எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை. தமிழக வாசகர்கள் நன்கறிந்த கே. கிருஷ்ண ராவும் அதே மண்ணைச் சேர்ந்தவர்தான். பாத்திரம் கழுவும் வேலையிலிருந்து உயர்ந்து, 1938-இல் சென்னை ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கி, பின்னர் பல இடங்களுக்கு அதை விரித்தார். 1962-இல் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் சென்னையின் சமூக வாழ்க்கையிலேயே ஓர் அங்கமாக இருந்தது.

யக்ஞநாராயண மையா அந்தப் பாதையில் செல்லவில்லை. தம் வாழ்நாளின் உழைப்பை மாவள்ளியில் உள்ள ஒரே உணவகத்தின் மீதே செலுத்தினார். கூட்டம் பெருகியபோது வரிசை நீண்டது. வாடிக்கையாளர்கள் காத்திருக்கப் பழகிக்கொண்டனர். இரண்டு வழிகளுக்கும் அதனதன் நியாயம் உண்டு. உட்லண்ட்ஸ் ஓட்டல்கள் உடுப்பிச் சமையலைப் பல நகரங்களுக்குக் கொண்டுசென்றன. மாவள்ளி, ஒரு நகரத்தையே தன்னிடம் வரவழைத்தது.

ஒரே இடத்தில் நிற்பதற்கு விலையும் உண்டு. அந்த ஓர் இடம் தடுமாறினால் தாங்கிப் பிடிக்க வேறு கிளை இல்லை. அவர் மறைவுக்குப் பின் அந்தச் சோதனையும் வந்தது.

மறைவுக்குப் பின் வந்த சோதனை

யக்ஞநாராயண மையா 1968-இல் காலமானார். குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஹரிஷ்சந்திர மையா பொறுப்பேற்றார். 1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின், உணவகப் பண்டங்களுக்கு மிகக் குறைந்த விலையை அரசு நிர்ணயித்தது. அந்த விலையில் நல்ல நெய்யும் நல்ல காபித்தூளும் வாங்கிச் சமைத்தால் இழப்பு உறுதி.

அப்போது உணவகத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. தரத்தைக் குறைக்கலாம், இழப்பைத் தாங்கலாம், அல்லது கடையை மூடலாம். முதல் வழியை நிர்வாகம் ஏற்கவில்லை. கட்டுப்பாட்டு விலையில் பழைய தரத்திலேயே உணவு வழங்கியது. ஒவ்வொரு நாளும் ஏற்பட்ட இழப்பை எழுதி வாசலில் பலகையாக வைத்தது. சமையலறையைத் திறந்து வைத்த மரபில் வந்தவர்கள், இப்போது கணக்கையும் திறந்து வைத்தார்கள். இழப்பு தாங்க முடியாத நிலைக்குச் சென்றபோது, தரம் குறைந்த உணவை விற்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று முடிவெடுத்தார்கள்.

கடை மூடப்பட்டதும் பணியாளர்களின் பிழைப்பு கேள்விக்குள்ளானது. அவர்களுக்கு வேலை கொடுக்கும் வழியாக, மசாலாப் பொடிகளையும் ரவா இட்லி போன்றவற்றுக்கான கலவைகளையும் தயாரித்துப் பொட்டலங்களில் விற்கத் தொடங்கினார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த முயற்சி, யக்ஞநாராயண மையாவின் மகன் சதானந்த மையாவின் தலைமையில் எம்.டி.ஆர். ஃபுட்ஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 2007-இல் அதை நார்வே நாட்டின் ஓர்க்லா நிறுவனம் வாங்கியது. உணவகம் அந்த விற்பனையில் சேரவில்லை. சில ஆண்டுகள் மூடிக்கிடந்தபின் மீண்டும் திறக்கப்பட்ட அது, குடும்பத்தின் கையிலேயே நீடிக்கிறது.

இரண்டு வளர்ச்சிகள்

ஒரே வேரிலிருந்து இரண்டு வகையான வளர்ச்சி பிறந்ததை இங்குக் காண முடிகிறது. பொட்டலம் கடல் கடந்து போகும். எந்த ஊரிலும், எந்த நேரத்திலும் ஒரே அளவில் ஒரே சுவையைத் தரும். வெளிநாட்டில் தனியே வாழும் மாணவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதைத் தயாரித்தவரை உண்பவர் பார்க்க முடியாது. அங்கே நம்பிக்கை, அச்சிட்ட எழுத்துகளையும் ஆய்வுச் சான்றுகளையும் சார்ந்தது. உணவகத்தின் நம்பிக்கை கண்ணால் கண்டதைச் சார்ந்தது. முன்னது பெருகுவது எளிது. பின்னது ஒவ்வோர் இடத்திலும் புதிதாக ஈட்டப்பட வேண்டியது.

அதனாலேயே உணவகத்தின் விரிவாக்கம் மெதுவாக நடந்தது. மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த ஹேமமாலினி மையாவும் அவருடைய சகோதரர்களும் நிர்வாகத்துக்கு வந்தபின்னரே பெங்களூருவின் பிற பகுதிகளில் கிளைகள் பரவலாக அமைந்தன. 2013-இல் சிங்கப்பூரில் கிளை தொடங்கப்பட்டது; அதைத் தொடர்ந்து வேறு சில வெளிநாட்டு நகரங்களிலும் எம்.டி.ஆர். பெயர்ப்பலகை ஏறியது.

செயலிகள் வழியே வீட்டு வாசலுக்கு உணவு வந்துசேரும் இன்றைய நாளில், சமைக்கும் இடம் உண்பவரின் பார்வையிலிருந்து முற்றாகவே மறைந்துவிட்டது. உணவுக்கூடமே இல்லாமல் சமையலறை மட்டும் கொண்டு இயங்கும் நிறுவனங்களும் பெருகியுள்ளன. வீட்டுச் சமையல் என்ற சொல் அவற்றின் விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. அந்தச் சொல்லுக்கு யார் பொறுப்பு, அதை எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்வி, 1950-களைவிட இப்போது கூர்மையானது.

யக்ஞநாராயண மையா இதற்குத் தம் காலத்துக்கு ஏற்ற விடையைக் கண்டார். பெயரை மாற்றினார்; இடத்தை மாற்றினார்; ஐரோப்பாவிலிருந்து புதிய முறைகளைக் கொண்டுவந்தார்; அவர் காலத்தில் இட்லியின் மூலப்பொருளே கூட மாறியது. மாறாமல் அவர் காத்தது ஒன்றே: தம் சமையலறையில் நடப்பதை உண்ண வருபவர் பார்க்கலாம் என்ற துணிவு. லால்பாக் சாலையில் காலையிலேயே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அவர் காலத்துக்குப் பின் பிறந்தவர்கள். அவர் பெயரை அறியாதவர்களும் அவர்களில் உண்டு. அவர் ஏற்படுத்திவைத்த நம்பிக்கையின் பேரில்தான் அவர்களும் காத்திருக்கிறார்கள்.